பொம்மைப் பெட்டியில் பச்சை இலை: காசு கொடுப்பவர் என்ன கேட்கலாம்?

2021 ஜூன் மாதம் டென்மார்க்கின் லெகோ நிறுவனம் ஒரு கட்டையைக் காட்டியது. பார்த்தால் வழக்கமான லெகோ கட்டைதான். ஆனால் குடித்துவிட்டு எறிந்த பாட்டில்களை உருக்கிச் செய்தது. ஒரு லிட்டர் பாட்டிலில் சுமார் பத்துக் கட்டைகள் கிடைக்கும் என்று கணக்கும் கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பாட்டில் பிளாஸ்டிக் மென்மையானது. கட்டைக்கு வேண்டிய உறுதியும் பிடிப்பும் வர வேண்டுமானால் வேறு பொருள்களைச் சேர்க்க வேண்டும், நிறைய மின்சாரம் செலவழித்து உலர்த்த வேண்டும், தொழிற்சாலை இயந்திரங்களையே மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பழைய கட்டையைவிடப் புதிய கட்டைதான் அதிகக் கரியமில வாயுவை வெளியேற்றும் என்று தெரிந்தது.

இதைப் பலர் தோல்வி என்று எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்காமல் விற்றிருந்தால், பெட்டியில் பாட்டில் படத்தைப் பார்த்து நாமும் சந்தோஷமாகக் கூடுதல் விலை கொடுத்திருப்போம். 'மறுசுழற்சி' என்ற சொல், மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்கிறது. அதைச் செய்ய எவ்வளவு எரிபொருள் போனது, அது குழந்தையின் வாய்க்குப் போனால் என்ன ஆகும், உடைந்தபின் எங்கே போகும் என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். கடையில் பெரும்பாலும் முதல் கேள்விக்கான பதிலைக் காட்டி மற்ற மூன்றையும் மறைத்துவிடுகிறார்கள்.

லெகோ 1963-லிருந்து பயன்படுத்துவது ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக். ஒரு கிலோ செய்ய ஏறக்குறைய இரண்டு கிலோ எண்ணெய் வேண்டும். இதற்கு மாற்றுத் தேட 2015-ல் 100 கோடி டேனிஷ் குரோனர் ஒதுக்கினார்கள். 2018-ல் மரம், செடி, இலை போன்ற சிறு உறுப்புகள் கரும்பிலிருந்து எடுத்த பாலிஎத்திலீனில் வந்தன. கரும்பு என்றதும் மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்று நினைக்கத் தோன்றும். மக்காது. வேதியியல்படி அது எண்ணெயிலிருந்து வரும் பாலிஎத்திலீனேதான், பிறந்த இடம் மட்டும் வேறு.

இப்போது லெகோ போகும் வழியின் பெயர் 'நிறைச் சமன்' முறை. பயன்படுத்திய சமையல் எண்ணெய், உணவுத் தொழிற்சாலைக் கொழுப்பு போன்றவற்றை, கச்சா எண்ணெய்ப் பொருள்களோடு ஒரே ஆலையில் கலந்து பிளாஸ்டிக் செய்கிறார்கள். கிராமத்துப் பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் ஊற்றிய பால் ஒரே கேனில் கலந்துவிடுகிறது. உங்கள் பாக்கெட்டில் இருப்பது யார் வீட்டு மாட்டுப் பால் என்று சொல்ல முடியாது, ஆனால் யார் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்பது நோட்டில் இருக்கும். 2024-ன் முதல் பாதியில் லெகோ வாங்கிய பிளாஸ்டிக் மூலப்பொருளில் 30 சதவீதம் இப்படிச் சான்று பெற்றது. அதில் புதுப்பிக்கத்தக்க அல்லது மறுசுழற்சி மூலம், மொத்தக் கொள்முதலில் சராசரியாக 22 சதவீதம் என்று நிறுவனமே சொன்னது. முறை நேர்மையானதுதான், நோட்டு நேர்மையாக இருக்கும்வரை. ஆனால் '22 சதவீதம்' என்பது உங்கள் கையில் இருக்கும் கட்டையைப் பற்றிய வாக்குறுதி அல்ல.

உறையிலும் இதே கதை. பெட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் பைகளைக் காகிதப் பைகளாக மாற்றப்போவதாக 2020-ல் லெகோ அறிவித்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ பொம்மை நிறுவனம், 2022 முடிவுக்குள் புதிய பொம்மைகளின் உறையில் கிட்டத்தட்ட எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஒழிப்போம் என்று 2019-ல் சொன்னது. மூடிய அட்டைப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்று சேகரிப்பாளர்கள் சத்தம் போட்டார்கள். 2023-ல், மறுசுழற்சி அல்லது தாவர மூலப் பிளாஸ்டிக்கில் என்ற விளக்கத்தோடு, கண்ணாடிபோன்ற ஜன்னல் திரும்பி வந்தது. வாங்குபவர் கேட்டால் நிறுவனங்கள் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை, திசைதான் தலைகீழ்!

சிறு எழுத்தைப் படிக்கும் பழக்கத்துக்கு ஒரு பாடம் 2021-ல் மேட்டல் வெளியிட்ட 'பார்பி லவ்ஸ் தி ஓஷன்' வரிசை. கடலை நோக்கிப் போகும் பிளாஸ்டிக் 90 சதவீதம் என்று விளம்பரம். கடலிலிருந்து வலைபோட்டு எடுத்தது என்றுதான் நமக்குக் காதில் விழும். உண்மையில் அது, முறையான குப்பை சேகரிப்பு இல்லாத பகுதிகளில் நீர்நிலைகளிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் சேகரித்தது. பொம்மையின் தலையும் காலணியும் அந்த 90 சதவீதக் கணக்கில் இல்லை. இவை எதையும் மேட்டல் மறைக்கவில்லை, சிறு எழுத்தில் இருந்தது. படிப்பவர்கள் எத்தனை பேர்?

இனி உடல்நலம். 'மறுசுழற்சிப் பிளாஸ்டிக்' என்பது சில சமயம் ஆபத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். பழைய டி.வி., கம்ப்யூட்டர் கூடுகளில் தீப்பிடிக்காமல் இருக்க புரோமின் கலந்த ரசாயனங்களைச் சேர்த்திருப்பார்கள். காயலான் கடை வழியாக அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் உருகி மலிவுப் பொம்மையாகத் திரும்பி வருகிறது. 2017-ல் ஐபென் என்ற பன்னாட்டு அமைப்பு 26 நாடுகளில் வாங்கிய 111 பொருள்களைச் சோதித்தது, பெரும்பாலானவை பொம்மைகள். ஏறக்குறைய 90 சதவீதத்தில் அந்த ரசாயனங்கள் இருந்தன. பழசு என்பதாலும் பாதுகாப்பு வந்துவிடாது. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆண்ட்ரூ டர்னர், பழைய பிளாஸ்டிக் பொம்மைகள் 200-ஐச் சோதித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, கறுப்புப் பொம்மைகளில் காட்மியம், ஈயம் போன்றவை அதிகம் இருந்தன. சுற்றுச்சூழலுக்காகப் பழைய பொம்மையை அடுத்த குழந்தைக்குக் கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் பல பத்தாண்டுகள் பழைய, சாயம் பளிச்சென்ற பிளாஸ்டிக்கை வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. இந்தியத் தர கவுன்சில் 2019-ல் டெல்லிப் பகுதியில் இறக்குமதிப் பொம்மைகளைச் சோதித்தபோது 66.90 சதவீதம் தேறவில்லை. அதன்பின் வந்த பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மை, உள்நாடோ வெளிநாடோ, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக்கூடாது. மின்சாரமில்லாத பொம்மைக்கு ஐ.எஸ். 9873, மின்பொம்மைக்கு ஐ.எஸ். 15644. ஈயம், காட்மியம், பாதரசம் உட்பட எட்டுத் தனிமங்கள் கசியும் அளவுக்கு இதில் வரம்பு உண்டு. முத்திரையின் கீழே இருக்கும் சிஎம்/எல் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் உண்மையா, போலியா என்று உடனே தெரியும். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. ஆகவே தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையில் முத்திரை இல்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கு அந்த விலக்கு கிடையாது.

பச்சைச் சொற்களுக்கும் இப்போது கடிவாளம் வந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர் 15 அன்று போலிப் பசுமை விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது', 'பூமிக்கு நல்லது', 'நிலையானது' போன்ற பொதுச் சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் போடக்கூடாது. 'மக்கும்', 'மறுசுழற்சி செய்யத்தக்கது', 'நச்சற்றது' என்றால் சான்றிதழோ சுயேச்சையான ஆய்வோ காட்ட வேண்டும், விளம்பரத்திலேயே அல்லது க்யூஆர் குறியீடு வழியாக. '2030-க்குள் முழுக்க மாறிவிடுவோம்' என்ற வகை எதிர்கால வாக்குறுதிக்குத் தெளிவான செயல்திட்டம் இருக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு அபராதம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. 2022-ல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் பிளாஸ்டிக் உறைக்குத்தான் பொருந்தும். உறையைத் திரும்பச் சேகரிக்க நிறுவனம் கணக்குக் காட்டியாக வேண்டும். உள்ளே இருந்த பிளாஸ்டிக் கார் உடைந்தால் கேட்க ஆளில்லை. பேட்டரியில் ஓடும் கார் மட்டும் மின்கழிவு விதிகளுக்குள் வருகிறது, அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். மற்றவற்றுக்கு இப்போதைக்கு ஒரே மருந்து, நீண்ட நாள் உழைக்கும் பொம்மையாக வாங்குவது. 1958-ல் செய்த லெகோ கட்டை இன்றைய கட்டையோடு இன்னும் பொருந்துகிறது. பெட்டியில் அச்சிட்ட எந்த இலையைவிடவும் இது பெரிய தகுதி.

ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் பில்லையும் பெட்டியையும் எறியாதீர்கள், பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் கடமை. முத்திரை இல்லாத பொம்மை என்றால் பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே புகார் செய்யலாம். இந்த விதிமீறலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, குறைந்தது இரண்டு லட்சம் ரூபாய் அபராதமோ உண்டு. பொய் விளம்பரம் என்றால் மாவட்ட ஆட்சியரிடமும் மனுக் கொடுக்கலாம். பொம்மையால் குழந்தைக்குக் காயமோ பாதிப்போ ஏற்பட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்புப் பிரிவின்படி தயாரித்தவரிடமும் விற்றவரிடமும் இழப்பீடு கேட்க முடியும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைப்பு இலவசம், தமிழிலேயே பேசலாம்.