காலுக்கு இரும்பா, நாரா?

பாறசாலை எல்லையில் மரம் ஏறுகிறவர்கள் முன்னால் ஒரு பழைய கேள்வி

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுகிறது. மரங்கள் மாறவில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்கள் பனையேறியைக் கேட்டுப் போடவில்லை. கோட்டுக்குத் தெற்கே அவர் காலில் மாட்டுவதற்குப் பெயர் தளைநார். வடக்கே தளப்பு. ஆளைக் கட்டிப்போடும் 'தளை'தான் இங்கே அவரை மேலே தூக்கிவிடுகிறது.

கருவி என்று அதைச் சொல்லக்கூடச் சற்றுத் தயக்கம் வரும். நாரை முறுக்கிச் செய்த ஒரு வளையம், அவ்வளவுதான். இரண்டு பாதங்களையும் அதற்குள் நுழைத்து, உள்ளங்கால்களை மரத்தின் இரு பக்கமும் அழுத்திக்கொள்கிறார் ஏறுகிறவர். பாதங்கள் விலகாமல் வளையம் இழுத்துப் பிடிக்கிறது. மிச்சத்தை மரத்தின் சொரசொரப்பு பார்த்துக்கொள்கிறது. கைகள் மரத்தைத் தழுவ, கால்கள் சேர்ந்தாற்போல் எழும்பி மறுபடி அழுந்துகின்றன. இறங்கியதும் வளையத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அடுத்த மரத்துக்கு நடந்துவிடலாம்.

இந்தக் கடைசி வசதிதான் முக்கியம். பனம்பாளையைச் சீவுகிறவர் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். சீவாத பாளையில் ஊறல் நின்றுபோகும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர் (இந்தப் பக்கத்தில் அக்கானி), தடவாவிட்டால் கள். கள்ளுக்குத் தமிழகத்தில் 1987 முதல் தடை. கேரளத்தில் உரிமத்தோடு அனுமதி. சட்டம் கலயத்தில்தான் மாறுகிறது, காலில் அல்ல.

நாருக்கு உடம்பு கொடுக்கும் விலை அதிகம். நெஞ்சிலும் முன்கையிலும் கணுக்காலிலும் காய்ப்பு. மழை நனைத்த மரத்தில் வழுக்கல். விழுந்தால் பிழைப்பு மட்டும் போவதில்லை. கட்டட வேலைக்கும் வளைகுடாவுக்கும் பையன்கள் போனதில் வியப்பில்லை. தேங்காய் முற்றிக் கிடக்க, ஏறுவதற்கு ஆள் தேடி வீட்டுக்காரர் அலைகிறார்.

அங்கேதான் இரும்பு நுழைந்தது. கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி எம்.ஜே. ஜோசப் ஒரு ஏறுகருவியை உருவாக்கினார். காலுக்கு ஒன்றாக இரண்டு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி வரும் கம்பிக் கயிறு. மிதித்தால் உடல் எடையே கயிற்றை இறுக்கும். எடையை எடுத்தால் தளரும். படியேறுவது போல ஏறலாம், நெஞ்சு தேய வேண்டாம். 2011-ல் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியபோது பெண்களும் இதில் ஏறப் பழகினார்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்களுக்கே என்றிருந்த வேலையில் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் இரும்பு என்றால் பத்திரம் என்று முடிவு கட்டிவிட முடியாது. கால் பூட்டியபடி நிற்கும். கை நழுவினால் உடம்பு பின்னால் சாயும். காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பிறகு இந்தக் கருவிக்கென்றே ஒரு பாதுகாப்பு இணைப்பை உருவாக்க வேண்டியிருந்தது. தவிர, ஒவ்வொரு மரத்திலும் மாட்டிக் கழற்றி, தோளில் சுமந்து போக வேண்டும். சுமார் 45 நாளுக்கு ஒருமுறை காய் பறிக்கும் தென்னைக்கு அது சரி. தினம் இரண்டு வேளை வரிசையாக ஏறும் பனைக்கு? பொழுது மரத்தடியிலேயே போய்விடும்.

கூர்முனை வைத்த இரும்பைக் காலில் கட்டி, குத்திக் குத்தி ஏறினால் என்ன என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். வெட்டி வீழ்த்தப் போகும் மரத்துக்கு அது பொருந்தும். தென்னைக்கும் பனைக்கும் பொருந்தாது. மாமரமும் பலாவும் பட்டைக்கடியில் புதுத் திசுவை வளர்த்துக் காயத்தை மூடிக்கொள்ளும். பனை இனத்துக்கு அந்த அடுக்கு கிடையாது. இன்று விழுந்த ஓட்டை மரம் சாகும்வரை ஓட்டைதான். சிவப்புக் கூன்வண்டு முட்டையிட இடம் தேடுவதும் இப்படிப்பட்ட காயங்களில்தான்.

பணக்காரர்களின் காலுக்கும் இந்தக் கேள்வி வந்தது. திருவனந்தபுரம் கவடியாரில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. மட்டையை வீசும்போது கால் நழுவாமலிருக்க கோல்ஃப் காலணியின் அடியில் எஃகு ஆணிகள் வைப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையை அந்த ஆணிகள் கிளறிவிட, நேராக உருள வேண்டிய பந்து விலகி ஓடியது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், குளிர்கால ஆட்டத்தில் புல்லைக் காப்பாற்றுவதற்காக பிளாஸ்டிக் முனைகள் செய்தார்கள். ஈரப்புல்லில் பிடிப்பு போதாது என்று பழைய ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏராளமான கிளப்புகள் எஃகைத் தடை செய்துவிட்டன. இத்தனைக்கும் புல் சில நாளில் மறுபடி வளர்ந்துவிடும்.

தென்னைக்குச் சட்டம், பனைக்கு நார் என்று பிரித்துக்கொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது. புதிதாக ஏறப் பழகுகிறவருக்கு நாரைக் கொடுப்பது கொடுமை. பனையேறியிடம் தென்னைக் கருவியைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்பது ஏமாற்று. அவருக்கு உண்மையில் இல்லாதது இடுப்புக்கு ஒரு பிடிப்பு. உச்சியில் ஒரு கையில் அரிவாள், மறு கையில் பாளை. மரத்தைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அந்த நேரத்துக்கு, நாரைப் போலவே லேசான, நொடியில் மாட்டிக் கழற்றக்கூடிய ஒரு பட்டை வேண்டும். அதுவரை அவர் செய்யக்கூடியது, விடியற்காலையில் முதல் மரத்தடியில் நின்று வளையத்தைக் காலில் மாட்டி ஒருமுறை பலமாக இழுத்துப் பார்ப்பது.