டிரை ஃப்ளை (தூண்டில் பூச்சி)

டிரை ஃப்ளை என்பது டிரவுட் மீன்களைப் பிடிப்பதற்காகத் தூண்டில் முள்ளின் மீது இறகு, உரோமம், நூல் ஆகியவற்றைக் கட்டிச் செய்யப்படும் போலிப் பூச்சி ஆகும். இது நீரின் மேற்பரப்பில் மிதக்கும். நீருக்குள் மூழ்கும் வகை வெட் ஃப்ளை எனப்படுகிறது. இத்தூண்டிலில் மண்புழு போன்ற உண்மையான இரை கோக்கப்படுவதில்லை. ஆகவே மீன் கவ்வுவதும் விலகுவதும் போலிப் பூச்சியின் தோற்றத்தையும் அது மிதந்து வரும் விதத்தையும் பொறுத்தவை. கையில் வைத்துப் பார்க்கும் மனிதரின் கண்ணுக்கு அல்லாமல், கீழிருந்து பார்க்கும் மீனின் கண்ணுக்கு அது உண்மையான பூச்சியாகத் தோன்ற வேண்டும்.

பின்பற்றப்படும் பூச்சிகள்

டிரவுட் வாழும் குளிர்ந்த ஓடைகளில் மேஃப்ளை எனும் பூச்சியினம் முக்கிய உணவாகும். இதன் இளம்பருவம் நீருக்கடியில் கழிகிறது. பின்னர் மேற்பரப்புக்கு வந்து தோலுரித்துச் சிறகு பெறுகிறது. மங்கலான சிறகுகளை நிமிர்த்திக்கொண்டு நீரில் மிதக்கும் இந்த நிலை டன் எனப்படும். அது கரையேறி மீண்டும் ஒருமுறை தோலுரித்து, கண்ணாடி போன்ற சிறகுகளையுடைய ஸ்பின்னர் ஆகிறது. சிறகு பெற்ற பின்னும் தோலுரிக்கும் பூச்சியினம் இன்று இது ஒன்றே. முட்டையிட்ட ஸ்பின்னர்கள் சிறகுகளை விரித்தபடி நீரில் விழுந்து இறக்கின்றன. ஆகவே ஒரே பூச்சிக்கு இரண்டு வடிவங்களில் ஃப்ளை கட்ட வேண்டியுள்ளது.

மீனின் பார்வை

ஒளி காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போது விலகுகிறது. இதனால் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறக்குறைய 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிய ஒரு வட்டமாகவே தெரிகிறது. இந்த வட்டத்தின் விட்டம் மீன் இருக்கும் ஆழத்தைப் போல ஏறத்தாழ 2¼ மடங்கு. 30 செ.மீ. ஆழத்தில் உள்ள மீனுக்கு அது சுமார் 68 செ.மீ. அகலமான சாளரம் ஆகும். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு ஆற்றின் அடியைப் பிரதிபலிக்கும் கண்ணாடியாக உள்ளது.

மிதந்து வரும் பூச்சி முதலில் இந்தக் கண்ணாடிப் பகுதியில்தான் தென்படும். அங்கே அதன் உடல் தெரியாது. கால்கள் நீர்ப்பரப்பை அழுத்துவதால் உண்டாகும் ஒளிப்புள்ளிகளே தெரியும். பூச்சி நெருங்கும்போது சாளரத்தின் விளிம்பில் சிறகு நுனிகள் உடலுக்கு முன்பே தோன்றும். பூச்சி சாளரத்திற்குள் வந்த பின்னரே அதன் முழு உருவம் வானத்தின் பின்னணியில் நிழலுருவாகத் தெரியும். எனவே நுண்ணிய நிற வேறுபாட்டைவிட அளவு, வடிவம், நீரில் பதியும் தடம் ஆகியவை முக்கியமானவை.

வரலாறு

இக்கலையை முறைப்படுத்தியவர் இங்கிலாந்தின் பிரெடெரிக் ஹால்ஃபோர்டு (1844–1914). தென் இங்கிலாந்தின் தெளிந்த சுண்ணாம்பு நிலத்து ஆறுகளில் ஜார்ஜ் செல்வின் மாரியட்டுடன் இணைந்து பூச்சிகளை ஆராய்ந்து, 1886இல் மிதக்கும் ஃப்ளைகளைப் பற்றிய தம் முதல் நூலை வெளியிட்டார். இயற்கைப் பூச்சியின் நிறத்தைத் துல்லியமாகப் பின்பற்ற வேண்டும் என்பது அவரது கொள்கை. மீன்கள் பெரும்பாலும் நீருக்கடியிலேயே உண்கின்றன என்பதைக் கண்ட ஜி. இ. எம். ஸ்கூஸ், 1910இல் வெளியிட்ட நூலில் மிதக்கும் ஃப்ளை மட்டுமே முறையானது என்ற கருத்தை எதிர்த்தார்.

அமெரிக்காவில் வின்சென்ட் மரினாரோ 1950இல் வெளியிட்ட நூலில் மீனின் பார்வைக் கோணத்தை முன்வைத்தார். 1971இல் டக் ஸ்விஷரும் கார்ல் ரிச்சர்ட்ஸும் இறகு வளையமே இல்லாத ஃப்ளைகளைப் பரவலாக்கினர். இறகு வளையம் பூச்சியின் நிழலுருவை மறைக்கிறது என்பது அவர்களது வாதம்.

பொருட்கள்

சேவலின் கழுத்து இறகு ஹேக்கிள் எனப்படுகிறது. இதை முள்ளைச் சுற்றிச் சுற்றினால் இழைகள் கால்களைப் போல விரிந்து ஃப்ளையைத் தாங்கும். காற்றறைகள் கொண்ட மான் உரோமமும் மிதக்க உதவுகிறது. வாத்தின் வாலடி எண்ணெய்ச் சுரப்பியைச் சூழ்ந்துள்ள மென்னிறகும் பயன்படுகிறது. தூண்டில் முள்ளின் எண் கூடக்கூட அதன் அளவு சிறுக்கும். மேஃப்ளை வகைகளுக்கு 14, 16, 18 ஆகிய எண்கள் மிகுதியாகப் பயன்படுகின்றன.

கட்டும் முறை

இறகு வளையமற்ற கம்பாராடன் எனும் வகை டன் நிலையைப் பின்பற்றுவது. அது கட்டப்படும் வரிசை:

1. முள்ளை வைஸில் இறுக்கி, அதன் தண்டின் மீது மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும்.
2. நுனிகளை ஒழுங்குபடுத்திய மான் உரோமக் கற்றையை, நுனிகள் முள்ளின் காதைத் தாண்டி நீளுமாறு கட்ட வேண்டும். கற்றையின் நீளம் தண்டின் நீளத்திற்குச் சமமாக இருக்கலாம்.
3. கற்றைக்கு முன்னால் நூலைப் பலமுறை சுற்றி அதை நிமிர்த்தி, அரைவட்ட விசிறியாக விரிக்க வேண்டும். இதுவே சிறகு.
4. வாலுக்குச் சில விறைப்பான இறகிழைகளை இருபுறமும் பிரித்துக் கட்ட வேண்டும். பிரிந்த வால் ஃப்ளை கவிழாமல் காக்கும்.
5. நூலில் மென்மயிரை முறுக்கி, வாலிலிருந்து முன்நோக்கிச் சற்றே தடிக்கும் உடலாகச் சுற்ற வேண்டும்.
6. காதுக்குப் பின்னால் முடிச்சிட்டு நூலை வெட்ட வேண்டும்.

உடல் தடித்தால் நிழலுரு மாறிவிடும், நீரையும் உறிஞ்சும். காதை நூலால் அடைத்துவிட்டால் நரம்பைக் கோக்க இயலாது.

மிகையான நுணுக்கம்

கண், கால் மூட்டு, சிறகு நரம்பு வரை செதுக்கப்பட்ட ஃப்ளைகள் காட்சிக்கு அழகானவை. எனினும் விறைப்பான சிறகுகள் வீசும்போது காற்றில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். மிகையான பொருட்கள் எடையைக் கூட்டி ஃப்ளையை மூழ்கச் செய்யும். இதற்கு மாறாக, 1922இல் மிச்சிகனில் லென் ஹாலடே உருவாக்கிய ஆடம்ஸ் என்னும் சாம்பல் நிற ஃப்ளை எந்தவொரு தனிப் பூச்சியையும் குறிப்பதில்லை. அதன் அளவும் நிழலுருவும் பல பூச்சிகளுக்குப் பொருந்துவதால் அது இன்றும் உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது.