ஒருவருக்கென ஓர் அடுப்பு

சமையல் என்றதும் நம் மனக்கண்முன் விரிவது பெரிய குடும்பத்தின் அடுக்களைதான். அரிசியைப் படியால் அளந்து, சட்டி நிறையக் குழம்பு கூட்டி, பிள்ளைகளை வரிசையாக அமரவைத்துப் பரிமாறிய நாட்கள் அவை. இன்றோ பிள்ளைகள் வேலை நாடி வெளியூர் சென்றுவிட்டனர். துணையை இழந்த தாயோ தந்தையோ வீட்டில் தனித்திருக்கின்றனர். பட்டணத்தில் சிற்றறையொன்றில் தங்கியிருக்கும் மகனும் தனித்தே உண்கிறான். இத்தகையோர் இல்லாத பங்கு இல்லையெனலாம்.

“எனக்கு ஒருத்திக்காகவா அடுப்பை மூட்டுவது?” என்று நம் தாய்மார் கேட்பதுண்டு. எளிமைபோல் தோன்றும் இச்சொல்லில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. காலையில் காப்பியும் ரொட்டியும், நண்பகலில் மோர்ச்சோறும் ஊறுகாயும், இரவில் மீண்டும் ரொட்டியும் எனப் பொழுது கழியுமானால், பருப்பும் காய்கறியும் உடலுக்கு எட்டுவதேயில்லை. முதுமையில் தசைகள் இயல்பாகவே மெலியும். புரதமும் குறைந்தால் அம்மெலிவு விரைந்து நடை தளரும். விழுந்து எலும்பு முறியவும் நேரலாம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம் போதும் என்கின்றன. ஆனால் காய்கறியும் கீரையுமாக 400 கிராம் வேண்டும். பருப்பு, முட்டை, மீன் போன்றவை 85 கிராம் வேண்டும். தனித்து உண்போரின் தட்டில் இக்கணக்கு பெரும்பாலும் தலைகீழாகவே இருக்கிறது.

ஒருவருக்குச் சமைப்பதில் உள்ள முதல் இடர் அளவு. நால்வருக்கான பக்குவத்தை நான்கால் வகுத்தால் மட்டும் போதாது. அகன்ற பாத்திரத்தில் சிறிதளவு நீர் விரைவில் ஆவியாகி, குழம்பு அடிப்பிடித்துவிடும். ஆகவே சிறிய, குறுகிய பாத்திரமும் தணிந்த தீயும் இன்றியமையாதவை. தாளிப்பதற்குச் சிறு கரண்டியும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் போதும்.

இரண்டாவது இடர் பல அடுப்பு வேலை. இதற்கு விடை கண்டவர் வங்காளத்து மருத்துவர் இந்துமாதவ் மல்லிக். 1910-ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய ‘இக்மிக் குக்கர்’, அடியில் கரி நெருப்பும் அதன்மேல் அடுக்கடுக்காகப் பாத்திரங்களும் கொண்டது. சோறு, பருப்பு, காய் ஆகிய மூன்றும் ஒரே நெருப்பில் நீராவியால் வெந்தன. இன்று மூன்று லிட்டர் பிரஷர் குக்கரில் நாமும் அதையே செய்யலாம். அடியில் நீர் ஊற்றி, ஒரு கிண்ணத்தில் அரை மணி நேரம் ஊறிய துவரம் பருப்பையும், மற்றொன்றில் அரை டம்ளர் அரிசியையும் அளவான நீருடன் வைத்து, மேலே ஓர் உருளைக்கிழங்கை வைத்துவிட்டால் ஒரே வேளையில் மூன்றும் வெந்துவிடும்.

வெந்த பருப்பில் பாதியை இன்று கீரையுடன் கடைந்துகொள்ளலாம். மறுபாதியைக் குளிர்பெட்டியில் வைத்தால் நாளை தக்காளியும் மிளகும் சேர்த்து ரசமாகும். அரைத்த மாவும் இவ்வாறே. முதலிரு நாட்கள் இட்லி, பிறகு தோசை, மாவு புளிப்பேறியதும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டுக் குழிப்பணியாரம். ஒருமுறை அரைத்தது நான்கு நாட்களுக்கு உதவும், சலிப்பும் தட்டாது.

விரைவில் ஆக வேண்டுமாயின் வெண்பொங்கலுக்கு இணையில்லை. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பை இலேசாக வறுத்துச் சேர்த்து, இரண்டும் சேர்ந்த அளவைப்போல் ஐந்து மடங்கு நீரில் குழைய வேகவையுங்கள். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றை ஒரு தேக்கரண்டி நெய்யில் தாளித்துக் கொட்டினால் மணமே பசியைத் தூண்டும். உடன் ஒரு முட்டைப் பொடிமாசும் இருந்தால் நிறைவான உணவாகிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வெந்த சோற்றிலும் வெப்பத்தைத் தாங்கிய நுண்ணுயிர் வித்துகள் எஞ்சியிருக்கக்கூடும். சோறு வெளியில் நெடுநேரம் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடேற்றினாலும் அந்நச்சு நீங்காது. எனவே மீந்ததை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே உண்டுவிட வேண்டும்.

சமைத்ததைப் பாத்திரத்திலிருந்தே நின்றபடி அள்ளி விழுங்குவதும் தகாது. விருந்தினருக்கு இடுவதுபோல் தமக்கும் தட்டை வைத்து, அமர்ந்து, செபம் சொல்லி, சுவைத்து உண்ணட்டும். பிறரைப் பேணிப் பேணித் தேய்ந்த கைகள் தம்மையும் பேணுவது தன்னலமாகாது.

பெற்றோருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பெண்மக்களுக்கு மட்டுமன்றி ஆண்மக்களுக்கும் உலை வைக்கவும் பருப்புக் கடையவும் கற்றுக்கொடுங்கள். மனைவியை இழந்தபின் அடுப்பைப் பற்றவைக்கவே தெரியாமல் திகைக்கும் முதியவர்களை நாம் காண்கிறோம் அல்லவா? அடுத்த வீட்டில் அத்தகைய ஒருவர் இருந்தால், ஒரு கிண்ணம் குழம்பைக் கொடுத்தனுப்புவது நன்று. ஒரு மாலையில் அவரருகே நின்று ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்து, அன்றிரவு அவரோடு அமர்ந்து உண்பது அதனினும் நன்று.