கறிவேப்பிலைச் செடியில் ஒரு விருந்தாளி!

குட்டீஸ்... பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், என்றைக்காவது வீட்டுக் கறிவேப்பிலைச் செடியை உற்றுப் பார்த்ததுண்டா? பச்சை இலைகளுக்கு நடுவே, ஏதோ ஒரு இலையில் மட்டும் பறவை எச்சம் போல வெள்ளையும் பழுப்புமாக ஒன்று ஒட்டிக் கொண்டிருக்கும். 'சீ... காக்கை அசிங்கம் பண்ணிவிட்டது' என்று நகர்ந்து விடாதீர்கள். இரண்டு நிமிடம் பொறுமையாக நின்று பாருங்கள். அது நகரும்!

அது ஒரு புழு. 'கறிவேப்பிலை அழகி' என்ற கறுப்பு நிற வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. எலுமிச்சைச் செடி என்றால் 'எலுமிச்சை அழகி'யின் குழந்தையாகவும் இருக்கலாம். எச்சத்தைப் போய் எந்தக் குருவியாவது கொத்தித் தின்னுமா? அதனால்தான் இந்த மாறுவேடம். கொஞ்சம் வளர்ந்ததும் பச்சைச் சட்டைக்கு மாறி, இலையோடு இலையாக மறைந்து விடும். அப்போது அதைச் சீண்டினால், தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் பிளந்த நாக்கு மாதிரி ஒன்றை வெளியே நீட்டும். கூடவே ஒரு நெடியும் வரும். எறும்பையும் எதிரிகளையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அது!

'பாட்டி செடியை வளர்ப்பது ரசத்துக்கா, புழுவுக்கா?' என்று வீட்டில் சண்டை வரலாம். நியாயம்தான். ஒரு புழு தினமும் இலையாகத் தின்று தீர்க்கும். ஒரே ஒரு கிளையை மட்டும் அதற்கு விட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சிப் பாருங்கள். மருந்து மட்டும் தெளிக்க வேண்டாம். முட்டையிலிருந்து சிறகு விரிப்பது வரை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மாதம்தான். அதன் பிறகு செடி தானாகத் துளிர்த்து விடும்.

இதையெல்லாம் பார்க்க முதுமலைக்கோ, வேடந்தாங்கலுக்கோ போக வேண்டியதில்லை. மயிலாப்பூரில் ஒரு மொட்டை மாடி போதும். தி.நகர் அடுக்குமாடி வீட்டில் இரண்டு செம்பருத்தித் தொட்டி போதும். அடையாறுக்காரர்கள் இன்னும் கொடுத்து வைத்தவர்கள். பிரம்மஞான சபையின் பெரிய தோட்டமும், ஆற்றங்கரையும் பக்கத்திலேயே இருப்பதால் விருந்தாளிகள் அதிகம்.

மயிலாப்பூர் என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவர் பெயர் மா.கிருஷ்ணன். தமிழில் முதன்முதலாக நாவல் எழுதியவர்களில் ஒருவரான அ.மாதவையாவின் மகன். 1912ல் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்த காலத்தில், மயிலாப்பூர் பக்கம் புதரும் வெட்டவெளியுமாக, நரி கூட நடமாடும் இடமாக இருந்ததாம். பதினோரு வயதில் அவர் செல்லமாக வளர்த்தது என்ன தெரியுமா? கீரிப்பிள்ளை!

பெரியவரானதும் இந்தியாவின் மிகச் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர் ஆனார். எடுத்ததெல்லாம் கறுப்பு-வெள்ளைப் படங்கள்தான். அவரது கேமராவோ, பல கம்பெனிப் பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கியது. கனத்துக் கிடந்த அந்தக் கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார்! யானைக் கூட்டத்தைப் பார்க்கக் காடு காடாக அலைந்தவர், வீட்டைச் சுற்றித் திரிந்த காக்கை, குயில், அணிலைப் பற்றியும் அதே ஆசையோடு எழுதினார். கொல்கத்தாவிலிருந்து வெளிவரும் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் 1950ல் தொடங்கிய அவரது பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் இறக்கும் வரை வந்தது. 46 வருடங்கள்! அவருக்குப் 'பத்மஸ்ரீ' விருதும் கிடைத்தது.

அந்தப் பத்திக்கான படங்களை அவரே பேனாவால் வரைவார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 'எங்க வீட்டில் கேமரா இல்லையே அங்கிள்' என்று முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்ளும் ஆட்கள் இதைக் கவனிக்கவும்! ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் இருந்தால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம். தேதி, நேரம், எந்தச் செடி, என்ன செய்தது... இவ்வளவு எழுதினால் போதும்.

சரி, அப்பாவின் செல்போன் அரை மணி நேரத்துக்குக் கிடைத்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். முதலில் வண்ணத்துப்பூச்சியிடம் போங்கள். வெயில் ஏறுவதற்கு முன், காலையில், அது சிறகை விரித்துக் குளிர் காயும். உடம்பு சூடானால்தான் அதனால் நன்றாகப் பறக்க முடியும். உங்களுக்கு அதுதான் நல்ல நேரம். குனிந்து, மெதுவாக, ஒவ்வொரு அடியாக நெருங்குங்கள். உங்கள் நிழல் மட்டும் அதன் மேல் விழக் கூடாது. விழுந்தால், 'விர்'ரென்று போய் விடும். பத்து படத்தில் ஒன்பது மங்கலாகத்தான் வரும். எனக்கும் அப்படித்தான்.

கிடைத்த ஒரு படத்தை வைத்தே துப்பறியலாம். கறிவேப்பிலை அழகியில் சில பெண் பூச்சிகள் அசல் 'ரோஜா அழகி' போலவே இருக்கும். கறுப்புச் சிறகு, நடுவில் வெள்ளை, ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள்... அச்சு அசல்! ரோஜா அழகி புழுவாக இருக்கும்போதே ஆடுதீண்டாப்பாளை போன்ற விஷச் செடிகளைத் தின்று வளர்வதால், அதன் உடம்பிலும் விஷம் இருக்கும். ஒரு தடவை வாயில் வைத்த பறவை மறுபடி அந்தப் பக்கம் திரும்பாது. விஷமே இல்லாத நம் கறிவேப்பிலைக்காரி, அந்தச் சட்டையை மட்டும் போட்டுக் கொண்டு தப்பித்து விடுகிறாள். ஆனால், உடம்பைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டு விடும். ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பு, இவளுக்குக் கறுப்பு. பறவை ஏமாந்தாலும் உங்கள் படம் ஏமாறாது!

பறவைகளுக்கு ஜன்னல்தான் நல்ல மறைவிடம். வெளியே ஓடி வந்தால் பறந்து விடும் தேன்சிட்டு, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கண்டுகொள்ளாது. செம்பருத்தியும், முருங்கைப் பூவும், இட்லிப் பூவும் அதற்கு ரொம்ப இஷ்டம். 'டுக்... டுக்... டுக்...' என்று யாரோ பாத்திரம் தட்டுவது போலக் கேட்டால், அது குக்குறுவான். அரச மரத்திலோ, ஆல மரத்திலோ பழம் பழுத்திருக்கும்போது தேடுங்கள். கூட்டமாக வந்து தரையில் சருகைக் கிளறிச் சண்டை போடுபவை தவிட்டுக் குருவிகள். குயிலில் கறுப்பாக இருப்பது ஆண். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி வைத்திருப்பது பெண். பலர் அதை வேறு ஏதோ பறவை என்று நினைத்து விடுகிறார்கள்.

இனி, கொஞ்சம் கஷ்டமான விஷயம்.

எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தையல்சிட்டு, இலையின் ஓரங்களை அலகால் குத்தி, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்துத் தைத்து, அதற்குள் கூடு கட்டியிருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். மாமாவிடம் கேமராவை இரவல் வாங்கினேன். முன்னால் இருந்த இலைகள் மறைத்தன. அவற்றை ஒதுக்கி, நூலால் கட்டி விட்டு, மூன்று படங்கள் எடுத்தேன். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள். நூலை அவிழ்க்க மறந்து விட்டேன்.

மறுநாள் காலை கூடு காலி. மதில் மேல் காக்கை உட்கார்ந்திருந்தது. தையல்சிட்டு இரண்டும் கிளைக்குக் கிளை தாவிக் கத்திக் கொண்டே இருந்தன. ஃபிலிமைக் கழுவியபோது படம் நன்றாகவே வந்திருந்தது. நான் அதை யாருக்கும் காட்டவில்லை.

காக்கை மேல் தப்பில்லை. அதற்கும் குஞ்சு இருந்திருக்கும். இலை மறைப்பதற்காகத்தானே தையல்சிட்டு அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தது? ஆகவே, கூட்டையோ, முட்டையையோ கண்டால் கேமராவை உள்ளே வைத்து விட்டு, சத்தம் போடாமல் பின்வாங்குங்கள். குஞ்சுகள் பறந்து வெளியே வரட்டும். அப்போது எடுக்கலாம், எத்தனை வேண்டுமானாலும்!

அக்டோபர் வாக்கில் ஒரு விசேஷ விருந்தாளி சென்னைக்கு வரும். பச்சை முதுகு, வயிற்றின் அடியில் சிவப்பு, சிறகில் நீலம் என்று வண்ணப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். ஆறுமணிக் குருவி! விடியற்காலையும் அந்தி நேரத்திலும் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். வடக்கிலிருந்து வெகு தூரம் பறந்து வந்த களைப்பில், சில சமயம் பால்கனியிலோ, கார் ஷெட்டிலோ விழுந்து கிடக்கும். காக்கைகள் சூழ்ந்து கொள்ளும். அப்படிப் பார்த்தால், வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, காற்றோட்டமான அட்டைப் பெட்டிக்குள் மெதுவாக வைத்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் ஓய்வெடுக்க விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தெம்பு வந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் விட்டு விடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.

நோட்டில் எழுதி வைத்ததை என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? 2015லிருந்து தமிழகத்தில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில், இருக்கும் இடத்திலேயே குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, 'இ-பேர்ட்' என்ற இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கணினி வேலையைப் பெரியவர்களிடம் விட்டு விட்டு, எண்ணுவதை நீங்கள் வைத்துக் கொள்ளுங்கள். நான்கு காக்கை, ஆறு மைனா, ஒரு தேன்சிட்டு என்று சாதாரணமாகத் தோன்றும் கணக்குதான். பல வருடக் கணக்குகளை அடுக்கி வைத்துப் பார்க்கும்போதுதான், எந்தப் பறவை குறைகிறது, எது பெருகுகிறது என்று ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிய வரும்.

அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால், இப்போதே போய்க் கறிவேப்பிலைச் செடியின் இளம் இலைகளைப் பாருங்கள். கடுகை விடச் சற்றுச் சிறியதாக, இளமஞ்சளாக, முத்து மாதிரி ஒன்று இருக்கிறதா? நோட்டில் தேதியைக் குறித்துக் கொள்ளுங்கள். நாலைந்து நாளில் அந்த இலையில் ஒரு 'எச்சம்' இருக்கும்.