பழைய விரைவு வண்டியா, புதிய கூபேயா?



பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி ஆலயத் திருவிழாவை ஒட்டி மாட்டுவண்டிப் பந்தயம் நடப்பதைக் கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பக்கத்து மாணவர்கள் அறிவீர்கள். கரிசற்காட்டுச் சாலையில் இரட்டைமாட்டு வண்டிகள் புழுதி பறக்க விரைந்து வரும். இருபுறமும் ஊரே திரண்டு நிற்கும். விரைவின்மேல் நம் மக்களுக்குள்ள ஆசை மோட்டார் வண்டி வந்தபின் பிறந்ததன்று என்பதற்கு அதுவே சான்று.

அத்தகைய பந்தயம் ஒன்றைக் கண்டு திரும்பும் வழியில், என்னிடம் முன்பு படித்த இளைஞர் ஒருவர் என்னை அணுகினார். இப்பொழுது கோவில்பட்டியில் தொழில் செய்து வருபவர். “ஐயா, கார் ஒன்று வாங்க எண்ணியிருக்கிறேன். ஆற்றல் மிகுந்த பழைய வண்டி ஒன்று மலிவாக வருகிறது. சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் புதிய கூபே ஒன்றும் கிடைக்கும். எதை வாங்கலாம்?” என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் விரித்துரைக்க எண்ணுகிறேன். கார் வாங்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் இதில் அறிந்துகொள்ள வேண்டிய அறிவியல் உண்டு.

முதலில் கூபே என்னும் சொல்லைப் பார்ப்போம். பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘வெட்டப்பட்டது’ என்பது பொருள். குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிரே இரண்டு இருக்கைகள் கொண்ட பெரிய மூடுவண்டியின் முன்பகுதியை நீக்கி, ஒரே இருக்கை உடையதாகச் சுருக்கிய வண்டிக்கு அப்பெயர் வழங்கிற்று. மோட்டார் வண்டி தோன்றிய பிறகு, இரண்டு கதவுகளும் பின்புறம் சரிந்து இறங்கும் கூரையும் உடைய வண்டி கூபே எனப்பட்டது. இக்காலத்தில் நான்கு கதவு உடையவற்றுக்கும், கூரை சரிந்திருந்தால் போதும், அப்பெயர் சூட்டிவிடுகிறார்கள். ஆகவே கூபே என்பது உருவத்தின் பெயரே அன்றி ஆற்றலின் பெயர் அன்று.

இனி இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டு ஒப்பிடுவோம். செங்கற்பட்டுக்கு அருகே மகிந்திரா தொழில் நகரத்தில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2007ஆம் ஆண்டு தொழிற்சாலை தொடங்கிற்று. அங்கே முதலில் இணைத்து உருவாக்கப்பட்டவற்றுள் ‘3 வரிசை’ என்னும் வண்டியும் ஒன்று. அத்தலைமுறையின் 325ஐ என்னும் வகையில் இரண்டரை லிட்டர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் உடைய எந்திரம் இருந்தது. அதன் திறன் 218 குதிரைத்திறன். அதே தொழிற்சாலையில் 2020ஆம் ஆண்டு ‘2 வரிசை கிரான் கூபே’ உருவாகத் தொடங்கிற்று. 2021இல் வந்த அதன் பெட்ரோல் வகையான 220ஐ, இரண்டு லிட்டர் கொள்ளளவும் நான்கு உருளைகளும் உடையது. திறன் 190 குதிரைத்திறன். ஒரே குலத்தில், ஏறத்தாழ பதினான்கு ஆண்டு இடைவெளியில் பிறந்த அண்ணனும் தம்பியும் என்று இவற்றைக் கூறலாம்.

எண்ணை மட்டும் பார்ப்பவர் 218 பெரிது, 190 சிறிது என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை அடைய இரண்டுக்கும் ஏறக்குறைய 7 வினாடியே ஆகிறது. எடையும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றரை டன்தான். அப்படியாயின் 28 குதிரைகள் எங்கே போயின?

விடை முறுக்குவிசையில் இருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றும் வலுவே முறுக்குவிசை; அவ்வலுவை எவ்வளவு விரைவாகத் தொடர்ந்து தர இயலும் என்பதே திறன். பழைய எந்திரம் காற்றைத் தானே உள்ளிழுத்துக்கொள்வது. நிமிடத்திற்கு 2,750 சுழற்சியை எட்டினால்தான் அதன் உச்ச முறுக்குவிசையாகிய 250 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். முழுத்திறனும் வெளிப்பட 6,500 சுழற்சி வேண்டும். புதிய எந்திரத்தில், வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே சுழலும் டர்போ என்னும் விசிறி, காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகிறது. அதனால் 1,350 சுழற்சியிலேயே 280 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடுகிறது. அதிக வலு குறைந்த சுழற்சியிலேயே வருவதால், அன்றாட ஓட்டத்தில் தம்பி அண்ணனுக்குச் சளைப்பதில்லை.

ஆயினும் அண்ணனுக்கு வேறு பெருமைகள் உண்டு. ஆறு உருளைகளை ஒரே வரிசையில் அமைத்தால், ஒரு தண்டு மேலேறும்போது எழும் அதிர்வை மற்றொன்று இறங்கும்போது எழும் அதிர்வு ஈடுசெய்துவிடும். நான்கு உருளை எந்திரத்தில் இந்த ஈடு முழுமையாக அமைவதில்லை. பழைய வண்டியின் எந்திரம் பட்டுப்போல் ஓடுவதற்கு இதுவே காரணம். அதன் சுக்கான் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. சாலையின் மேடு பள்ளம் ஓட்டுபவர் உள்ளங்கைக்குத் தெரியும். புதியதில் மின்விசை அந்த வேலையைச் செய்கிறது. கைக்கு எளிது, ஆனால் அந்த உணர்வு குறைவு. மேலும், பழையதைப் பின்சக்கரங்கள் தள்ளுகின்றன. புதியதை, நம் மாட்டுவண்டியை மாடு இழுப்பது போல, முன்சக்கரங்கள் இழுக்கின்றன. திறமையுள்ள ஓட்டுநருக்குப் பின்சக்கர வண்டி இன்பமளிக்கும். மழை பெய்து, கரிசல் சேறு தார்ச்சாலைமேல் வழுக்கலாகப் படிந்திருக்கும் நாளில், திறமையற்றவர் கையில் அதன் வால்பகுதி வழுக்கிச் செல்லக்கூடும்.

அடுத்து, வண்டி ஓட வேண்டிய இடத்தைக் கருத வேண்டும். கரிசல்மண் நீர் பட்டால் உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆகவே அதன்மேல் இடப்பட்ட சிற்றூர்ச் சாலைகள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் அலைபோல் மேடு பள்ளமாகிவிடுவது உண்டு. நான் கூறிய இரண்டு வண்டிகளும் தரையை ஒட்டித் தாழ்ந்தவை. இரண்டுக்குமே இது சோதனைதான். ஆனால் புதியதன் மூட்டுகளில் உள்ள ரப்பர் இன்னும் இளமையோடு இருக்கும். பழையதில் உள்ளது பதினைந்து கோடைகளுக்கு மேல் வெந்தது. ரப்பர், ஓடிய தூரத்தால் மட்டும் முதுமை அடைவதில்லை. வெயிலாலும் ஆண்டுகளாலும் அது இறுகி வெடிக்கிறது. குளிர்நீர் செல்லும் பிளாஸ்டிக் பாகங்களும் அவ்வாறே. எனவே, “இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது” என்று விற்பவர் கூறுவது முழு நற்சான்று ஆகாது.

எரிபொருளையும் மறத்தலாகாது. இந்தியாவில் இப்பொழுது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்ப ஆற்றல், பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. எனவே கலவையில் ஆறு ஏழு விழுக்காடு ஆற்றல் குறைகிறது. எத்தனால் நீரை ஈர்ப்பது. பழைய எரிபொருள் குழாய்களின் ரப்பருக்கு ஊறு செய்யவும் கூடும். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் உருவான கார்களின் பாகங்கள் இக்கலவையைத் தாங்கும்படி அமைக்கப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டி எதுவாயினும், அதற்கு இக்கலவை பொருந்துமா என்று உற்பத்தியாளரிடம் கேட்டறிவது நலம்.

சட்டம் ஒன்றும் உண்டு. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்குட்பட்டு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2007இல் பதிவான வண்டி 2022லேயே அவ்வெல்லையைக் கடந்துவிட்டது.

இவையெல்லாம் பணத்தையும் வசதியையும் பற்றியவை. உயிரைப் பற்றியது ஒன்று உண்டு. அதை நீங்கள் நினைவில் நிறுத்த வேண்டும். டகாட்டா என்னும் ஜப்பானிய நிறுவனம் உருவாக்கிய காற்றுப்பைகளில் இருந்த வெடிபொருள், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, விபத்தின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் வெடித்தது. காக்க வேண்டிய பையிலிருந்தே உலோகத் துண்டுகள் பறந்து மனிதர்களைக் கொன்றன. உலகெங்கும் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் திரும்பப் பெறப்பட்டன. நான் கூறிய பழைய 3 வரிசை வண்டிகள் பலவும் அப்பட்டியலில் அடங்கும். வெயிலும் கடற்காற்றும் உள்ள தூத்துக்குடிச் சீமையில் இத்தகைய வண்டியை வாங்குபவர், அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து, அந்தப் பழுது நீக்கப்பட்டதா என்று நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ளாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

டயரும் அத்தகையதே. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் உருவானது என்பது பொருள். பூவேலை தேயாமல் பளபளப்பாக இருந்தாலும், பத்தாண்டு கடந்த டயர் நம்பத்தக்கதன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆட்டுமந்தை ஒன்று குறுக்கிடுவதைக் கண்டு கால் தடையை மிதிப்பதற்குள்ளேயே அத்தூரம் கழிந்துவிடும். அதன்பின் நல்ல டயரும் நல்ல தடையும் உள்ள வண்டி நிற்க இன்னும் சுமார் 40 மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்கானால் இந்த இரண்டாம் பகுதி நான்கு மடங்காகும். இறுகிப்போன டயரில் அது மேலும் நீளும். எந்திரத்தின் குதிரைத்திறனைப் பெருமையாகப் பேசுகிறோம். உயிரைக் காப்பது தடையும் டயரும் அல்லவா?

மாடு வாங்கச் செல்லும் சம்சாரி அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். கார் வாங்குபவரும் அவ்வாறே செய்தல் வேண்டும். தூரங்காட்டும் எண் திருத்தப்படக் கூடியது. ஆகவே பராமரிப்பு ஏடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காலையில், எந்திரம் குளிர்ந்திருக்கும்போதே முடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் மட்டுமின்றி மேடுபள்ளமான சாலையிலும் ஓட்டிப் பாருங்கள். விலையை மட்டும் கருதாமல், பழுதுபார்க்கத் தனியே ஒரு தொகையை ஒதுக்குங்கள். பழைய வண்டியின் விலைதான் குறைந்திருக்குமே தவிர, அதன் உதிரிப் பாகங்களின் விலை குறைந்திராது. கோவில்பட்டியிலிருந்து மதுரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நடுவழியில் நின்றுவிட்ட வண்டியை அவ்வளவு தூரம் இழுத்துச் செல்ல நேர்ந்தால், மலிவாக வாங்கியது மலிவாக இராது.

இவற்றைச் சொன்னபின் அந்த இளைஞரிடம், “தம்பி, இவ்வண்டியில் யார் யார் செல்வார்கள்?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, “அப்பாவுக்கு இதய நோய், ஐயா. மாதந்தோறும் மதுரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சில வேளை நள்ளிரவிலும் புறப்பட நேரும்” என்றார். அதற்குமேல் நான் விளக்க வேண்டிய தேவை எழவில்லை. வீட்டில் வேறொரு வண்டியும், பொறுமையும், கைதேர்ந்த மெக்கானிக்கின் துணையும் உள்ளவருக்குப் பழைய ஆறு உருளை வண்டி தரும் இன்பம் பெரிது. அதை நான் மறுக்கவில்லை. ஒரே வண்டியை நம்பி ஒரு குடும்பம் இருக்குமாயின், புதியதே தக்கது.

பாஞ்சாலங்குறிச்சியில், 1974இல் எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டைக்கு அருகே பழைய கோட்டையின் அடித்தளம் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. நாம் அங்கே சென்று வணங்கி நிற்கிறோம். ஆனால் அங்கே குடியிருப்பதில்லை. பழைமையைப் போற்றுவது வேறு, அன்றாட வாழ்வை அதன்மேல் ஏற்றுவது வேறு. சில நாட்களுக்குப் பின் அந்த இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். கூபேயை வாங்கிவிட்டதாகவும், வாங்குமுன் நான்கு டயர்களின் எண்களையும் படித்துப் பார்த்ததாகவும் கூறினார். நீங்களும் இன்று வீடு திரும்பியதும், உங்கள் வீட்டு வண்டியின் டயரில் அந்த நான்கு இலக்கங்களைத் தேடிப் பாருங்கள்.