ஒரு டாலர் மருந்தும் தாய்மாரின் பயணமும்

மருந்துக்கடை வாயிலில் சீட்டையும் மடியிலுள்ள காசையும் மாறிமாறிப் பார்க்கும் தாயை நாம் அறிவோம். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் அவள் உண்டு.

இன்சுலினைக் கண்டறிந்தோர் 1923-இல் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொரொன்டோ பல்கலைக்கழகத்திற்கு அளித்தனர். பின்னாளில் அதன் விலையோ ஏழை நோயாளர் மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டு மடியுமளவுக்கு ஏறியது. தடுப்பார் யார்? முதியோருக்கான மெடிகேர் திட்டம் மருந்து விலையைப் பேரம் பேசலாகாது என 2003-ஆம் ஆண்டுச் சட்டமே தடைவிதித்தது. அதனை முன்னின்று நிறைவேற்றிய பேரவை உறுப்பினர் பில்லி டாசின், 2005-இல் மருந்து நிறுவனங்களின் சங்கத்திற்கே தலைவரானார்! கைம்மாறு என நாம் கூறவில்லை. வாசகர் எண்ணிப் பார்க்கட்டும்.

அச்சங்கம் அரசியலாரை வசப்படுத்தக் கோடிக்கணக்கில் டாலர்களை இறைப்பது. மினசோட்டா மாநிலத்துத் தாய்மாரிடம் இருந்ததோ, பிள்ளையைப் பறிகொடுத்த துயரமும் நடையாய் நடக்கும் கால்களுமே. 2019-இல் அவர்கள் நோயாளரோடு அணியாகக் கனடாவின் லண்டன் நகர் சென்று, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு இன்சுலின் வாங்கி வந்தனர். சட்டமன்ற உறுப்பினர்களை விடாது சந்தித்தனர். 2020-இல் அவசரத் தேவைக்கு 35 டாலருக்கு ஒரு மாத இன்சுலின் வழங்கும் சட்டம் பிறந்தது. நடைமுறைக்கு வரும் முன்னாளிலேயே சங்கம் வழக்குத் தொடுத்தது. எனினும் குறித்த நாளில் மருந்துக்கடைகள் இன்சுலின் வழங்கத் தொடங்கின.

மெடிகேர் மீதிருந்த தடை 2022-இல் தளர்ந்தது. பேசி முடித்த முதல் பத்து மருந்துகளின் புதிய விலை 2026 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.