நிலாவைத் துரத்த எவ்வளவு வெடி வேண்டும்?

1999 செப்டம்பர் 13 அன்று நிலா பூமியை விட்டுப் பிரிந்தது. அதன் மறுபக்கத்தில் குவித்து வைத்திருந்த அணுக்கழிவு சூடேறி வெடித்தது. வெடித்த வேகத்தில் நிலா தன் பாதையிலிருந்து பிய்த்துக்கொண்டு விண்வெளிக்குள் பாய்ந்தது. மூன்பேஸ் ஆல்ஃபா என்ற தளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 311 பேரும் அதோடு போனார்கள். பிரிட்டனில் 1975 செப்டம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ஸ்பேஸ்: 1999’ தொலைக்காட்சித் தொடரின் முதல் அத்தியாயத்துக் கதை இது.

தயாரித்தவர்கள் ஜெரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும். பொம்மைகளை நடிக்கவைத்து ‘தண்டர்பேர்ட்ஸ்’ எடுத்த அதே தம்பதி. தளபதி கோனிக்காக மார்ட்டின் லாண்டோவும், மருத்துவர் ஹெலனா ரஸ்ஸலாக பார்பரா பெய்னும், பேராசிரியர் பெர்க்மனாக பாரி மோர்ஸும் நடித்தார்கள். இரண்டு பருவங்கள், 48 அத்தியாயங்கள். 1977-இல் முடிந்துபோனது.

நிலாவை ஏன் பிய்த்தெறிந்தார்கள்? அறிவியல் காரணம் ஏதுமில்லை. ஆண்டர்சன் தம்பதியின் முந்தைய தொடரான ‘யுஎஃப்ஓ’வை நிலாவுக்கு நகர்த்தித் தொடரலாம் என்று முதலில் திட்டம் இருந்தது. அமெரிக்கச் சந்தையைக் கவனித்தவர்களோ பூமியில் நடக்கும் கதை வேண்டவே வேண்டாம் என்றார்கள். பூமிக்குத் திரும்பவே வழியில்லாமல் செய்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது. அப்படிப் பிறந்தது இந்த வெடிப்பு. ஒரு வியாபாரச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த தீர்வு, இயற்பியலில் அருமையான ஒரு கேள்வியாக வந்து நிற்கிறது என்பதுதான் எனக்கு இந்தத் தொடர் மீதுள்ள பிடிப்புக்குக் காரணம்.

ஐசக் அசிமோவ் 1975-இலேயே ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் இதன் அறிவியலைக் கடுமையாக விமர்சித்தார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் ‘இது நடக்காது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால், எவ்வளவு தூரம் நடக்காது என்பதைப் பார்க்கும் சுகம் போய்விடும். அதைப் பார்த்துவிடலாம்.

நிலாவின் நிறை 7.35 × 10²² கிலோகிராம். அது விநாடிக்கு ஏறத்தாழ 1.02 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. அந்தத் தொலைவில் பூமியின் பிடியிலிருந்து விடுபட விநாடிக்கு 1.44 கிலோமீட்டர் வேகம் போதும். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் நகர்த்த வேண்டியது நிலா. அந்த வேகத்தை அதற்குக் கூடுதலாகக் கொடுக்கத் தேவைப்படும் ஆற்றல் 3.8 × 10²⁸ ஜூல். மனிதர்கள் இதுவரை வெடித்ததிலேயே மிகப் பெரிய அணுகுண்டு, 1961-இல் சோவியத் ஒன்றியம் நோவயா ஸெம்லியா தீவுக்கூட்டத்தில் வெடித்த 50 மெகாடன் குண்டு. அப்படி 18,000 கோடி குண்டுகள் வேண்டும். இந்த எண்ணும் மனதில் நிற்காது என்பதால் வேறுவிதமாகச் சொல்கிறேன்: சூரியன் எல்லாத் திசைகளிலும் வீசும் மொத்த ஆற்றலையும், துளிகூடச் சிந்தாமல், 100 விநாடி சேர்த்துவைத்தால் கிடைப்பது அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. நிலாவை உருண்டையாகக் கட்டிவைத்திருப்பது அதன் சொந்த ஈர்ப்பு. அந்தக் கட்டை முழுக்க அவிழ்த்து, கல்லும் மண்ணுமாக வெளியில் சிதறடிக்க 1.2 × 10²⁹ ஜூல் போதும். நிலாவைத் துரத்தத் தேவையான ஆற்றல் இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவையும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் இறக்கினால் நிலா ஒரே துண்டாக மிஞ்சும் என்று எதிர்பார்க்க முடியாது. தளத்தின் கண்ணாடி ஜன்னல்கள் மிஞ்சுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, ஏதோ மாயத்தால் நிலா உடையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வெடித்தது எந்தப் பக்கம் என்று கவனித்தீர்களா? மறுபக்கம். பூமியிலிருந்து நாம் ஒருபோதும் பார்க்காத பக்கம். அங்கே வெடித்தால் நிலா தள்ளப்படும் திசை பூமியை நோக்கித்தான்! தொடர் இதைக் கண்டுகொள்ளவில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே ஆற்றலால் பூமியை நோக்கி விநாடிக்கு 1.02 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தோடு தள்ளப்பட்ட நிலா நேராக வந்து மோதாது, ஏனென்றால் அதன் பக்கவாட்டு வேகம் அப்படியே இருக்கிறது. அது பரவளையப் பாதையில் வளைந்து உள்ளே வரும். மூன்றாம் நாள், இப்போதுள்ள தொலைவில் சரிபாதிக்கு, அதாவது சுமார் 1,92,000 கிலோமீட்டருக்கு நெருங்கும். வானத்தில் இரு மடங்கு அகலமாகத் தெரியும். ஓத விசை தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவது என்பதால், கடலை இழுக்கும் விசை எட்டு மடங்காகும். பிறகு வளைந்து வெளியே திரும்பி, ஆறாம் நாள் வாக்கில் பழைய தொலைவைக் கடந்து, திரும்பி வராமல் போய்விடும். இந்த ஆறு நாட்களை மட்டும் யாராவது படமாக எடுத்திருந்தால் அதைவிடப் பெரிய கதை வேறெதுவும் இருந்திருக்காது.

போய்விட்டது என்றால் எங்கே? நட்சத்திரங்களுக்கா? இல்லை. சூரியன் நிலாவை இழுக்கும் விசை, பூமி இழுப்பதைப் போல இரு மடங்குக்கும் அதிகம். பள்ளிப் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். உண்மையில் நிலாவும் பூமியும் தோளோடு தோள் சேர்ந்து சூரியனைச் சுற்றுகின்றன. இருவருக்கும் வேகம் விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். சூரியனிடமிருந்து இங்கே விடுபட 42 வேண்டும். எனவே பூமியிடமிருந்து தப்பிய நிலா, சூரியனைச் சுற்றும் தனிக்கோளாக, நம் பாதைக்குப் பக்கத்திலேயே உலவிக்கொண்டிருக்கும். அதையும் மீறி வெளியேறினாலும் அடுத்த நட்சத்திரமான பிராக்ஸிமா செண்டாரி 4.24 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. வாயேஜர் 1 போகும் வேகத்தில் போனால் சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும். தொடரில் வாரத்துக்கு ஒரு புது உலகம் வருகிறது.

இவ்வளவு தவறுகளுக்கு நடுவில் சரியானவற்றையும் சொல்லியாக வேண்டும். இவர்கள் பயன்படுத்தும் ‘ஈகிள்’ கலத்துக்கு இறக்கை கிடையாது, வழவழப்பான உடல் கிடையாது. குழாய்களால் ஆன ஒரு சட்டகம், முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் எஞ்சின்கள், நடுவில் தேவைக்கேற்பக் கழற்றி மாட்டும் பெட்டி. காற்றே இல்லாத இடத்தில் ஓடும் வண்டிக்கு இவை போதும். இதை வடிவமைத்த பிரையன் ஜான்சன், குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யில் வேலை செய்தவர், பின்னர் ‘ஏலியன்’ படத்துக்காக ஆஸ்கர் விருது பெற்ற குழுவில் இருந்தவர். ஒரே ஃபிலிமைக் கேமராவுக்குள்ளேயே பின்னோக்கிச் சுற்றி, மறுபடி மறுபடி அதன் மேலேயே படம்பிடித்து, கலத்தையும் நட்சத்திரங்களையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். நகல் எடுக்காத ஃபிலிம் என்பதால் அந்தக் காட்சிகள் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் துல்லியமாக இருக்கின்றன.

‘பிளாக் சன்’ என்ற அத்தியாயத்தில் நிலா ஒரு கருந்துளைக்குள் விழுகிறது. அது எழுதப்பட்ட காலத்தில் கருந்துளை என்பது ஏறத்தாழ ஊகம். சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு கருந்துளையா இல்லையா என்று ஸ்டீபன் ஹாக்கிங்கும் கிப் தோர்னும் 1974-இல் பந்தயம் கட்டினார்கள். ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டது 1990-இல். சூரியனே இல்லாமல் இருட்டில் அலையும் உலகங்களும் கற்பனையல்ல. பின்னாலிருக்கும் நட்சத்திரத்தின் ஒளியை அவற்றின் ஈர்ப்பு சற்று நேரம் குவிப்பதை வைத்து, அப்படிப்பட்ட அநாதைக் கோள்கள் இருப்பதை வானியலாளர்கள் இப்போது அறிவார்கள்.

அணுக்கழிவு விஷயம் இன்னும் யோசிக்கவைக்கிறது. அணு உலைக் கழிவு அணுகுண்டு போல வெடிக்காது. அதற்கான செறிவு அதில் இல்லை. ஆனால் வெடிக்கவே வெடிக்காது என்று சொல்ல முடியாது. 1957 செப்டம்பர் 29 அன்று சோவியத் ஒன்றியத்தின் யூரல் பகுதியில், மாயாக் அணு நிலையத்தில், கழிவுத் தொட்டி ஒன்றின் குளிரூட்டும் அமைப்பு பழுதானது. கழிவு தன் வெப்பத்தாலேயே காய்ந்தது. எஞ்சிய உப்புகள் வேதிவினையால் வெடித்தன. 160 டன் கான்கிரீட் மூடி தூக்கியெறியப்பட்டது. இதை மேற்குலகுக்கு வெளிப்படையாக எழுதியவர் லண்டனில் வாழ்ந்த உயிரியலாளர் ஷோரெஸ் மெத்வதேவ். 1976 நவம்பரில், பிரிட்டனின் ‘நியூ சயன்டிஸ்ட்’ இதழில். கழிவு சூடேறி வெடிக்கும் கதை அதற்கு முந்தைய ஆண்டே பிரிட்டிஷ் வீடுகளில் ஓடிவிட்டது. கழிவைப் பூமிக்கு வெளியே அனுப்பிவிடலாமா என்று நாசா ஆராய்ந்ததும் அதே பத்தாண்டில்தான்.

நிலா போய்விட்டால் நமக்கு என்ன ஆகும்? தொடர் பூமியை விட்டுவிட்டுப் போய்விடுவதால் அதைச் சொல்வதில்லை. கடல் அசையாமல் நின்றுவிடாது. சூரியனும் ஓதத்தை உண்டாக்குகிறது. அதன் அளவு நிலாவினுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே கடல் பொங்கும், வடியும், ஆனால் மிகக் குறைவாக, தினமும் ஒரே நேரத்தில். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் உயரும் பெரிய ஓதம் இருக்காது. இரவுகள் எப்போதும் அமாவாசை இருட்டு. அச்சின் கதை இன்னும் பெரியது. பூமி இப்போது 23.4 பாகை சாய்ந்திருக்கிறது; அந்தச் சாய்வு 41,000 ஆண்டுக்கு ஒருமுறை சுமார் 22-க்கும் 24.5-க்கும் இடையே மட்டும் ஊசலாடுகிறது. நிலா இல்லாவிட்டால் அது 0 முதல் 85 பாகை வரை தாறுமாறாக மாற முடியும் என்று 1993-இல் பிரெஞ்சு வானியலாளர் ஜாக் லாஸ்கரும் அவருடைய சகாக்களும் கணக்கிட்டார்கள். அவ்வளவு வேகமாக மாறாது என்று 2012-இல் வெளிவந்த வேறு கணக்கீடுகள் காட்டுகின்றன. விவாதம் முடியவில்லை. பெரிய துணைக்கோள் இல்லாத செவ்வாயின் அச்சு 0 முதல் 60 பாகை வரை மாறக்கூடியது.

நிஜமான 1999-இல் நிலாவில் யாரும் இல்லை. 1972 டிசம்பருக்குப் பிறகு மனிதக் கால் அங்கே படவில்லை. 1999 ஜூலை 31 அன்று லூனார் பிராஸ்பெக்டர் விண்கலத்தை, தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, தென்துருவத்துக்கு அருகே வேண்டுமென்றே மோதவைத்தார்கள். அதற்குள் ஒரு சிறு குப்பி இருந்தது. நிலாவுக்குப் போக ஆசைப்பட்டு, உடல்நலக் குறைவால் போக முடியாமலேயே இறந்த நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கரின் அஸ்தியில் கொஞ்சம். 311 பேரைக் கற்பனை செய்த ஆண்டில் உண்மையில் அங்கே போய்ச் சேர்ந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் அங்கே சில கண்ணாடிகள் இருந்தன. அப்போலோ 11, 14, 15 பயணிகளும் இரண்டு சோவியத் லூனாகோத் வண்டிகளும் விட்டுவந்த எதிரொளிப்பான்கள். எந்தத் திசையிலிருந்து ஒளி வந்தாலும் அதே திசைக்குத் திருப்பியனுப்பும் முப்பட்டைகள். மின்சாரம் வேண்டாம். பூமியிலிருந்து லேசர் துடிப்பை அனுப்பி, அது இரண்டரை விநாடியில் திரும்பி வருவதை அளந்தால் தொலைவு தெரிந்துவிடும். இன்று மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். நம் சந்திரயான்-3 இறக்கிய விக்ரமின் மேலும் நாசாவின் ஒரு சிறு எதிரொளிப்பான் இருக்கிறது. 2023 டிசம்பர் 12 அன்று, நிலாவைச் சுற்றிவரும் எல்ஆர்ஓ கலம் அதன் மீது லேசரைப் பாய்ச்சி பதில் ஒளியைப் பெற்றது.

இந்த அளவீடுகள் சொல்வது இதுதான்: நிலா உண்மையாகவே போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர். இத்தொடர் ஒளிபரப்பானதிலிருந்து ஓடிய ஐம்பது ஆண்டுகளில் 1.9 மீட்டர், ஓர் ஆள் உயரத்துக்கு மேல். துரத்துவது வெடி அல்ல, கடல். நிலா இழுத்து எழுப்பும் நீர்மேட்டைப் பூமி தன் வேகமான சுழற்சியால் சற்று முன்னே இழுத்துப்போகிறது. அந்த மேடு நிலாவை முன்னோக்கி இழுக்கிறது. நிலா ஆற்றல் பெற்று விலகுகிறது. கொடுத்த பூமி சுழற்சியை இழக்கிறது, நாள் நீள்கிறது. 1963-இல் ஜான் வெல்ஸ், ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளப் புதைபடிவங்களில் தினசரி வளர்ச்சிக் கோடுகளை எண்ணினார். ஓர் ஆண்டு வளர்ச்சிக்குள் சுமார் 400 கோடுகள். அப்போது ஆண்டுக்கு 400 நாட்கள், நாளுக்கு ஏறத்தாழ 22 மணி நேரம்.

இந்த விலகலுக்கும் எல்லை உண்டு. பூமியின் ஒரு நாள் இப்போதைய 47 நாள் அளவுக்கு நீண்டு, மாதத்துக்குச் சமமாகும்போது அது நின்றுவிடும். அதற்கு ஏறத்தாழ 5,000 கோடி ஆண்டுகள் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு காலத்திலேயே சூரியன் ஊதிப் பெருத்துச் செம்பூதமாகிவிடும் என்பதால், நிலா அந்த எல்லையைத் தொடப்போவதில்லை.

தொடரின் இரண்டாம் பருவம் அரக்கர்களுக்கும் சண்டைகளுக்கும் தாவிவிட்டது, தவறவிட்டால் நஷ்டமில்லை. முதல் பருவத்தின் 24 அத்தியாயங்கள் அப்படியல்ல. பதில் கிடைக்காத கேள்விகளுக்கு முன்னால் மனிதர்கள் அமைதியாக நிற்பதை அவற்றைப் போல் காட்டிய தொடர்கள் குறைவு. பதினோராம் வகுப்பில் ஈர்ப்பியல் நடத்தும் ஆசிரியர்கள் ‘பிரேக்அவே’ என்ற முதல் அத்தியாயத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். நிலாவின் நிறை, தொலைவு, வேகம் ஆகிய மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிக் கொடுத்துவிட்டு, மீதிக் கணக்கை அவர்களையே போடச் சொல்லுங்கள்.